சபீன் ஆற்றைக் கடந்த பிறகு எந்தப் பக்கம் போவது?

1828ஆம் ஆண்டின் தொடக்கம். டென்னசியிலிருந்தோ மிசௌரியிலிருந்தோ கிளம்பி வந்த ஒரு குடும்பம் சபீன் ஆற்றின் கிழக்குக் கரையில் வண்டியை நிறுத்தியிருக்கிறது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஒரு ஜோடி எருது, ஒரு கறவை மாடு, கோடரி, துப்பாக்கி, இரும்புச் சட்டி, ஒரு மூட்டை விதைச் சோளம். கையில் நூறு டாலர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. இந்தக் குடும்பம் நான் கற்பனையாக நிறுத்தி வைத்தது. ஆனால் இதே நிலைமையில் இதே கரையில் நின்றவர்கள் ஏராளம். அவர்கள் முன்னால் இருந்த வழிகளை எடுத்துவைத்து, எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று பார்க்கிறேன்.

இந்த ஒப்பீட்டைப் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில்தான் செய்வார்கள். எனக்கு அது போதவில்லை. மெக்சிகோவின் டெக்சாஸில் எங்கே இறங்கினாலும் ஒரு குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைத்த நிலம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இடத்துக்கு இடம் மாறியது அந்த வீட்டுப் பெண்ணின் ஒரு நாள். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தாள், மாவுக்கு எவ்வளவு நேரம் இடித்தாள், பிரசவ வலி கண்டால் கூப்பிடு தூரத்தில் இன்னொரு பெண் இருந்தாளா, கணவன் வேட்டைக்குப் போன இரவுகளில் கதவை எதை வைத்து அடைத்தாள். டெக்சாஸ் ஆண்களுக்கும் நாய்களுக்கும் சொர்க்கம், பெண்களுக்கும் எருதுகளுக்கும் நரகம் என்று அந்தக் காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. அந்த நரகம் எந்த ஊரில் கொஞ்சம் குறைவாக இருந்தது? நான் கேட்கும் கேள்வி அதுதான்.

முதலில், ஆற்றைக் கடக்காமலே இருந்தால் என்ன? 1820ஆம் ஆண்டு அமெரிக்க நிலச் சட்டப்படி அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலர். குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும், முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கடன் வசதி அந்தச் சட்டத்தோடு போய்விட்டது. நம் குடும்பத்தின் நூறு டாலருக்குச் சரியாக 80 ஏக்கர் வரும். அப்புறம் விதைக்கு, உப்புக்கு, ஆணிக்கு ஒரு காசு மிஞ்சாது. 1819இல் வங்கிகள் சரிந்து விளைபொருள் விலை விழுந்ததிலிருந்து மேற்கு மாநிலங்களில் ரொக்கம் வைத்திருந்தவர்களே குறைவு. கடன்காரர்கள் துரத்த, இரவோடு இரவாக டெக்சாஸுக்குப் போனவர்களும் இருந்தார்கள். குடியேறுவதற்கு முன் வாங்கிய கடனுக்காக அவர்களுடைய புதிய நிலத்தில் கைவைக்கக் கூடாது என்று 1829இல் மெக்சிகோவின் கோவாவிலா-டெக்சாஸ் மாநிலம் 12 ஆண்டுப் பாதுகாப்பே கொடுத்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் கணக்கு வேறு. மாநிலத்தின் 1825 மார்ச் 24 குடியேற்றச் சட்டப்படி, உழவும் கால்நடையும் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு லீக் நிலம். அதாவது 4,428 ஏக்கர். அரசுக்குக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 30 டாலர், அதுவும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் மூன்று தவணையாக. அளவையர் கூலி, ஆணையர் கட்டணம், முத்திரைத் தாள், குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்த அரசிடம் ஒப்பந்தம் பெற்றவருக்கு ஒரு தொகை என்று எல்லாம் சேர்த்தாலும் ஏக்கருக்கு ஒருசில சென்ட்தான். இதே அளவு நிலத்தை அமெரிக்க விலைக்கு வாங்கினால் 5,535 டாலர். இந்தக் குடும்பம் ஏழு தலைமுறை உழைத்தாலும் சேராத பணம். பத்து ஆண்டுக்கு வரியும் கிடையாது.

பதிலுக்கு மெக்சிகோ கேட்டது மூன்று: கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நன்னடத்தைச் சான்று வேண்டும், நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அத்தோடு ஆறு ஆண்டுக்குள் நிலத்தைப் பண்படுத்தியாக வேண்டும். மத நிபந்தனை ஏட்டில் கடுமையாக இருந்தது, நடைமுறையில் கேட்க ஆளில்லை, ஏனென்றால் பாதிரியாரே இல்லை. கல்யாணம் செய்துகொள்ள விரும்பியவர்கள், பாதிரியார் வரும்போது முறைப்படி மணந்துகொள்வோம், தவறினால் இவ்வளவு தண்டம் என்று ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடித்தனம் தொடங்கினார்கள். சிலருக்கு அந்தப் பாதிரியார் வந்து சேர்ந்தபோது மடியில் குழந்தை இருந்தது.

இன்னொரு வேறுபாட்டை ஆற்றங்கரையில் நின்ற அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். அமெரிக்கப் பக்கம் ஆங்கிலேயர் வழிச் சட்டம். கல்யாணமான பெண்ணின் சொத்துக் கணவன் கைக்குப் போய்விடும், அவள் பெயரில் ஒப்பந்தம் செல்லாது. மெக்சிகோவில் இருந்தது ஸ்பானிய வழிச் சட்டம். பெண் கொண்டுவந்தது பெண்ணுடையது. மண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஈட்டியதில் பாதி அவளுக்கு. விதவை குடும்பத் தலைவியாக நின்று தன் பெயரிலேயே நிலம் வாங்கலாம். கணவனை இழந்த ஜேன் லாங் என்ற பெண், ஸ்டீஃபன் ஆஸ்டின் என்பவர் நடத்திய குடியேற்றத்தில் அப்படித்தான் நிலம் பெற்றார். பின்னால் டெக்சாஸ் தனி நாடாகி ஆங்கிலேயர் வழிச் சட்டத்தை ஏற்றபோதும் 1840இல் இந்த ஒரு பகுதியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. சபீன் ஆற்றைக் கடக்க அவளுக்கென்று ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் நிலத்தின் அளவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரி, கடந்தாயிற்று. இனி எங்கே?

கண்ணில் முதலில் படுவது நாக்கடோச்சிஸ் பக்கம். ஆற்றிலிருந்து சில நாள் வண்டிப் பயணம்தான், பழைய அரச சாலை நேராக அங்கே போகிறது. பைன் காடு, ஓடைகள், வேட்டைக்குக் குறைவில்லை. பருத்தியையோ தோலையோ விற்று உப்பும் வெடிமருந்தும் காப்பிக்கொட்டையும் வாங்கிவர லூசியானாவின் கடைகள் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றும் கேட்காமல் ஓர் ஓடைக்கரையில் மரம் வெட்டி வீடு கட்டிவிடலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். அன்றாட வசதிக்கு இதைவிட நல்ல இடம் அப்போது டெக்சாஸில் இல்லை.

ஆனால் காகிதம் கிடையாது. 1824 ஆகஸ்டில் வந்த மெக்சிகோவின் மத்தியச் சட்டம், அந்நிய நாட்டு எல்லையிலிருந்து 20 லீக் தூரத்துக்குள் (இங்கே லீக் என்பது நிலப் பரப்பல்ல, நீள அளவு) தனி அனுமதி இல்லாமல் குடியேற்றம் கூடாது என்றது. அதனால் கிழக்கு ஓரத்தில் வீடு கட்டியவர்களில் பலருக்கு 1830கள் வரை பட்டயமே கிடைக்கவில்லை. பட்டயம் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு அங்கேயே அத்தாட்சி இருந்தது. 1825இல் 800 குடும்பங்களைக் குடியேற்ற ஒப்பந்தம் பெற்ற ஹேடன் எட்வர்ட்ஸ், வந்த கையோடு பழைய குடிகள் எல்லோரும் நிலப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், காட்டாதவர்களின் நிலம் விற்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார். தலைமுறைகளாக அங்கே இருந்த மெக்சிகர்கள் கொதித்தார்கள். அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எட்வர்ட்ஸின் ஆட்கள் 1826 டிசம்பரில் ஃப்ரெடோனியா என்று தனிக் குடியரசு அறிவித்து, அடுத்த மாதமே ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். நம் குடும்பம் வரும்போது அந்தப் புண் ஆறவில்லை. ஊரில் மெக்சிகோப் படை முகாம். சற்று வடக்கே செரோக்கிப் பழங்குடிகள், அவர்களும் வயலும் வீடும் போட்டுக்கொண்டு நிலப் பட்டயத்துக்குக் காத்திருந்தவர்கள்தான். அவர்களுக்கு அது கடைசிவரை நிலைக்கவில்லை. மூன்று வருடம் பாடுபட்டுத் திருத்திய நிலத்தை நாலாவது வருடம் வேறொருவன் காகிதத்தோடு வந்து கேட்டால், அந்தப் பெண் மறுபடியும் பாத்திரத்தை வண்டியில் ஏற்ற வேண்டும். கடை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக இதை ஏற்க முடியாது.

அடுத்தது பிராசோஸ், கொலராடோ ஆறுகளுக்கு இடையே ஸ்டீஃபன் ஆஸ்டின் நடத்திய குடியேற்றம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இதற்கு அனுமதி வாங்கியவர் அவருடைய தந்தை மோசஸ் ஆஸ்டின், 1821 தொடக்கத்தில், ஸ்பெயின் ஆட்சியின் கடைசி மாதங்களில். அந்த ஜூனில் அவர் இறந்துபோக, மகன் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு முடிவில் முதல் குடும்பங்கள் வந்தன. அவர்கள் பட்டபாடு சொல்லி மாளாது. விதை, கருவி, உணவு எல்லாம் ஏற்றிவந்த லைவ்லி என்ற சிறு கப்பல் கொலராடோ முகத்துவாரத்துக்கு வருவதாக ஏற்பாடு. அது பிராசோஸ் முகத்துவாரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. ஏர் இல்லாதவர்கள் ஆற்றோர நாணல் காட்டை எரித்து, கூரான கம்பால் குழி குத்திச் சோளம் நட்டார்கள். 1822இல் மழை பொய்த்தது. ரொட்டி என்ற சொல்லே மறந்து, உலர்த்திய மான் இறைச்சியையே ரொட்டி மாதிரி மென்று தின்றார்கள். மான் கிடைக்காத நாளில் காட்டுக் குதிரை. அந்த நேரம் பார்த்து ஸ்பெயின் போய் மெக்சிகோ வந்துவிட, தந்தை பெற்ற அனுமதி செல்லுமா என்ற சிக்கல் வேறு. ஆஸ்டின் மெக்சிகோ நகரத்துக்குப் போய் ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே கிடந்து, பேரரசர் இத்தூர்பிதே கவிழ்ந்த பிறகும் விடாமல் நின்று, 1823 ஏப்ரலில் உறுதி வாங்கினார். அதற்குள் மனம் வெறுத்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

கரையோரத்தில் வாழ்ந்த கரங்காவா மக்களோடு சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. அது அவர்கள் மீன் பிடித்த நீர், அவர்கள் கிழங்கு தோண்டிய மண். குடியேறியவர்கள் அவர்களைக் கொடூரமாக வேட்டையாடினார்கள். நிலம் மலிவாகக் கிடைத்ததன் முழு விலையை யார் கட்டினார்கள் என்று கேட்டால் முதல் பெயர் அவர்களுடையது.

இத்தனையும் சொல்லிவிட்டு, 1828இல் வருகிறவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். காரணம், அந்தப் பட்டினி ஆண்டுகள் அதற்குள் கடந்து போய்விட்டன. 1824 கோடையில் ஆணையர் பரோன் டி பாஸ்த்ரோப் வந்து பட்டயங்களை வழங்கினார். முதல் ஒப்பந்தத்தில் நிலம் பெற்றவர்கள் 297 பேர். இரண்டாவது ஒப்பந்தத்துக்கு ஆணையராக வந்த காஸ்பர் ஃப்ளோரெஸும் 1827இலிருந்து பட்டயம் எழுதத் தொடங்கிவிட்டார். குடியேற்றக்காரருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பது பட்டயங்களின் வாசகத்திலேயே இருக்கிறது. அளவையர் கயிற்றைச் சுருட்டியதும், நிலம் பெற்றவர் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். அவர் குனிந்து புல்லைப் பிடுங்குவார், கல்லை எடுத்து எறிவார், முளைக்குச்சி அடிப்பார். உடைமை கைமாறியதற்கு அதுதான் சாட்சி. எங்கோ தூரத்து நாட்டின் சட்டம், ஒரு மனிதனின் விரல் நகத்தில் மண் ஏறும் அளவுக்கு நெருங்கி வந்த நிமிடம் அது.

குடியேற்றத்தின் தலைநகரமான சான் ஃபெலிப்பேயை 1828இல் பார்த்த மெக்சிகோ அதிகாரி ஒருவர், வரிசையில்லாமல் சிதறிய நாற்பது ஐம்பது மரவீடுகள், ஏறக்குறைய இருநூறு பேர், அதில் மெக்சிகர்கள் பத்துப் பேர்தான் என்று எழுதிவைத்தார். பெரிய ஊர் இல்லைதான். ஆனாலும் கடை உண்டு, கொல்லன் உண்டு, அந்த ஆண்டிலிருந்து நகர மன்றமும் உண்டு, அடுத்த ஆண்டு ஒரு செய்தித்தாள்கூட வந்துவிட்டது. இது எல்லாவற்றையும்விட முக்கியமானது, அக்கம்பக்கத்தார் களத்தில் சோளம் இருந்தது. வசந்தத்தில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு முதல் விளைச்சல் வர நாளாகும். அதுவரை வேறொருவர் களஞ்சியத்திலிருந்துதான் சாப்பிட வேண்டும். 1822இல் வந்தவர்களுக்கு அந்தக் களஞ்சியம் இல்லை. ஆறு ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கு இருந்தது. ரொக்கம் புழங்காத ஊர் என்பதால் கன்றோடு ஒரு பசு பத்து டாலர் என்று வைத்துக்கொண்டு, மாட்டையே பணமாகக் கொடுத்து வாங்கினார்கள்.

இனி அந்தப் பெண்ணின் நாளைப் பார்ப்போம். வீடு என்பது முழு மரங்களை அடுக்கி, இடைவெளியைச் சேற்றால் பூசியது. தரை பெரும்பாலும் மண். கொஞ்சம் வசதி வந்ததும் நடுவில் திறந்த நடை விட்டு இருபுறமும் ஓர் அறை. வெயில் காலத்தில் சமையல் தவிர எல்லா வேலையும் அந்த நடையில்தான், காற்று வரும் ஒரே இடம் அது. நாய்களும் அங்கேதான் படுத்துக்கிடக்கும். கண்ணாடி ஜன்னல் கிடையாது. மாவுக்கு, அடிமரத்தைக் குடைந்து உரலாக்கி, கனமான கட்டையால் சோளத்தை இடிப்பாள். நம் வீடுகளில் உலக்கை பிடித்தவர்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு, தினமும், மழையிலும் காய்ச்சலிலும். இரும்பில் செய்த கைச்சுழல் ஆலை ஒன்று யாரிடமாவது இருந்தால் அது ஊருக்கே பொது மாதிரி. அதைத் தேடிக் குதிரையில் சோள மூட்டையோடு வருவார்கள்.

துணிக்குப் பஞ்சம். மான் தோலைப் பதப்படுத்தித் தைத்தால் முள்ளும் கிழிக்காது, வருடக் கணக்கில் வரும். ஆனால் நனைந்தால் தொளதொளவென்று நீண்டுவிடும், காய்ந்தால் சுருங்கி விறைத்துவிடும். பிள்ளைகளுக்கும் அதுதான் உடுப்பு. ஆற்றோரத் தாழ்நிலத்தில் குளிர்காய்ச்சல், இன்று மலேரியா என்கிறோமே அதுதான், கோடை முடிவில் வீடு வீடாகப் படுக்கவைத்தது. காய்ச்சலுக்கு மருந்து கிடைப்பது அபூர்வம். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிக்கொண்டே சமைத்தார்கள்.

அதனால் ஆஸ்டின் குடியேற்றம் என்றாலும் அதற்குள் எங்கே என்பதில் கவனம் வேண்டும். பிராசோஸ் கரையின் வளமான செம்மண்ணை முதலில் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். பருத்திப் பணம் அங்கேதான் இருந்தது, காய்ச்சலும் அங்கேதான். இரண்டாவது அலையில் வந்தவர்களுக்குக் கிடைத்தது உள்ளே தள்ளி இருந்த ஓடைக்கரைகள், காடும் புல்வெளியும் சந்திக்கும் இடங்கள். சான் ஃபெலிப்பேக்கு மேற்கே மில் கிரீக் ஓடை அப்படிப்பட்டது. 1831இல்கூட ஜெர்மானியர் ஃப்ரீட்ரிஷ் எர்ன்ஸ்ட் குடும்பத்துக்கு அங்கே ஒரு லீக் கிடைத்தது, அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தைப் படித்து மேலும் ஜெர்மானியர்கள் வந்தார்கள். வீடு கட்ட மரம், மாட்டுக்குப் புல், காட்டை அழிக்காமலே உழக்கூடிய நிலம் மூன்றும் அருகருகே. ஆஸ்டின் 1827இல் தனியாக ஒப்பந்தம் பெற்ற மேல் கொலராடோப் பகுதி, பின்னால் பாஸ்த்ரோப் ஆனது, அங்கே மட்டும் போகக் கூடாது. கொமாஞ்சிப் பழங்குடிகள் தாக்க வரும் பாதை அது.

இந்தக் குடியேற்றத்தின் பெரிய கறையைத் தாண்டிப் போக முடியாது. 1825 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,800 பேர், அவர்களில் 443 பேர் அடிமைகள். ஜாரட் குரோஸ் என்ற ஒருவர் மட்டுமே 1822இல் தொண்ணூறு பேரளவில் அடிமைகளைக் கொண்டுவந்து பிராசோஸ் கரையில் பருத்தி போட்டார். ஆஸ்டினின் முதல் திட்டத்தில் ஓர் அடிமைக்கு 80 ஏக்கர் என்று கூடுதல் நிலமே ஒதுக்கப்பட்டது. மனிதரைச் சங்கிலியில் கொண்டுவந்தவருக்கு வெகுமதி! மாநிலத்தின் 1827 அரசமைப்பு இனிப் பிறக்கும் குழந்தை அடிமையாகாது என்று எழுதியது. உடனே 99 ஆண்டு வேலை ஒப்பந்தம் என்ற பெயரில் அதைச் சுற்றி வழி கண்டுபிடித்தார்கள். 1829 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கெரெரோ அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டபோது டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டார்கள். அந்த 443 பேருக்கு எந்தக் கரையில் இறங்குவது என்று யாரும் வழி காட்டவில்லை. தெற்கே மெக்சிகோவின் உட்பகுதிக்குத் தப்பி ஓடுவது ஒன்றுதான் அவர்களாகத் தேர்ந்துகொள்ளக்கூடிய பாதை. சிலர் ஓடினார்கள்.

மேற்கே இன்னும் தள்ளிப் போனால் குவாதலூப்பே ஆற்றில் கொன்சாலஸ், கிரீன் டெவிட்டின் குடியேற்றம். மண் அருமையானது, நீர் தெளிவானது. முழுக் குடியேற்றத்திலும் நல்ல நிலம் இன்னும் பிடிபடாமல் கிடந்தது. ஆஸ்டின் பக்கத்தில் கிடைக்காத ஆற்றங்கரை லீக் இங்கே கிடைக்கும். ஆண்கள் இதைக் கேட்டால் கண் விரியும். ஆனால் 1825இல் தொடங்கிய ஊர் 1826 ஜூலையில் தாக்குதலுக்கு ஆளாகி ஓர் ஆள் இறந்து, எல்லோரும் விட்டுவிட்டு ஓடி, லவாக்கா ஆற்றுப் பக்கம் தங்கி, இப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கோட்டை மாதிரி ஒரு மரக்கட்டடம், அதைச் சுற்றிச் சில வீடுகள். பக்கத்து ஊர் என்றால் சான் அந்தோனியோ, எழுபது மைல். தனியே வயலுக்குப் போக முடியாது. பட்டயம் எழுத ஹோசே அந்தோனியோ நவாரோ ஆணையராக வந்ததே 1831இல். அதாவது, 1822இல் பிராசோஸ் கரையில் பட்டதையெல்லாம் 1828இல் மறுபடியும் படத் தயாரானவர்களுக்கான இடம் இது. கல்யாணமாகாத இளைஞன் என்றால் போகச் சொல்வேன், தனியாளுக்குக் கிடைப்பது குடும்பத்தின் பங்கில் கால்வாசிதான் என்றாலும். மூன்று பிள்ளைகளோடு வேண்டாம்.

அதே குவாதலூப்பே ஆற்றில் கீழே விக்டோரியா. மார்ட்டின் டி லியோன் 1824இல் 41 குடும்பங்களைக் குடியமர்த்த அனுமதி பெற்று நிறுவிய ஊர். டெக்சாஸ் ஒப்பந்தக் குடியேற்றங்களில் பெரும்பாலும் மெக்சிகர்களால் ஆன ஊர் இது ஒன்றுதான். இதைக் கட்ட உதவிய பணத்தில் 9,800 டாலர் அவருடைய மனைவி பாத்ரீசியா டி லா கார்சாவின் பரம்பரைச் சொத்து. நான் முன்னால் சொன்ன பெண்சொத்துச் சட்டம் இங்கே ஓர் ஊராகவே நிற்கிறது. இவர்களுக்கு இந்த மண் புதிதில்லை. கால்நடை வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள். குச்சி நட்டுச் சேறு பூசிய ஹகால் வீடுகள் அந்த வெயிலுக்கு மரவீட்டைவிடக் குளிர்ச்சி. லா பாஹியா கோட்டை இருபத்தைந்து மைலில், பாதிரியார் எட்டும் தூரத்தில். பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, நம் அம்மி போன்ற மெத்தாத்தே கல்லில் மண்டியிட்டு அரைத்தார்கள். அதுவும் விடியுமுன் தொடங்கும் வேலைதான், இடிப்பதைவிட எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவும் சம்பந்தமுமாகப் பின்னிய ஊரில் அரைக்கும் கல் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் கல் இருந்தது.

ஸ்பானிய மொழி தெரிந்த கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் விக்டோரியா என்று சொல்லிவிடுவேன். சில ஐரிஷ் குடும்பங்கள் அங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டன. டென்னசிக் குடும்பத்துக்கு மொழியும் இல்லை, மதமும் பெயரளவில்தான். நில வழக்கு வந்தால் அரசு டி லியோன் பக்கம்தான் நிற்கும் என்பதை டெவிட்டின் ஆட்கள் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதில் நியாயமும் இருந்தது, அது அவருடைய நாடு. கடற்கரையை ஒட்டிய சான் பத்ரீசியோ, ரெஃபூஜியோ ஐரிஷ் குடியேற்றங்களுக்கு அந்த ஆண்டில்தான் ஒப்பந்தமே கையெழுத்தானது. அவை நம் கணக்கில் வராது.

பின்னால் நடந்ததை அந்த ஆற்றங்கரையில் நின்றவர்கள் அறிந்திருக்க முடியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்காவிலிருந்து புதிய குடியேற்றத்தை அடைத்தது. ஆஸ்டின், டெவிட் இருவர் பகுதிக்கும் விலக்குக் கிடைத்தது. காலம் தாழ்த்தி வேறு பகுதிக்குக் கிளம்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1833இல் பிராசோஸ் கரை உடைத்து ஓடியது, கூடவே காலரா. மார்ட்டின் டி லியோன் அதில்தான் இறந்தார். டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து பிரியப் போரிட்டபோது, 1836 மார்ச்சில் கொன்சாலஸிலிருந்து அலமோ கோட்டைக்குள் போன 32 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த இரவே ஊரைக் கொளுத்திவிட்டுக் கைக்குழந்தைகளோடு விதவைகள் மழையில் கிழக்கே நடந்தார்கள். இரண்டு வாரத்தில் சான் ஃபெலிப்பேயும் எரிந்தது. டி லியோன் குடும்பம் டெக்சாஸ் பக்கம் நின்று உதவியும், போர் முடிந்ததும் மெக்சிகர்கள் என்பதற்காகவே விரட்டப்பட்டு லூசியானாவுக்குப் போனது. விக்டோரியாவைத் தேர்ந்திருந்த மெக்சிகக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் இருக்க முடியாது. ஆனால் எரிந்த ஊரின் ஓடைக்கரைகளில் பட்டயம் வைத்திருந்தவர்கள் திரும்பி வந்து சாம்பலைக் கிளறி அதே நிலத்தில் மறுபடி சோளம் போட முடிந்தது.

ஆகவே நம் குடும்பத்துக்கு என் யோசனை இது. நாக்கடோச்சிஸில் ஓரிரவு தங்கி எருதுக்கு ஓய்வு கொடுங்கள், நிலம் மலிவாகத் தருகிறேன் என்று அங்கே யார் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள். நேரே சான் ஃபெலிப்பே, நன்னடத்தைச் சான்றோடு. ஆற்றோரம் கேட்காமல் மில் கிரீக் பக்கம் ஓடையும் புல்வெளியும் சேரும் இடமாகக் கேளுங்கள், ஒரு மைலுக்குள் இன்னொரு வீட்டுப் புகை தெரிகிற இடமாக. அந்த நூறு டாலரைப் பட்டயச் செலவுக்கும் முதல் வருடச் சோளத்துக்கும் உப்புக்கும் பிரித்து முடிந்துவையுங்கள். ஆனால் லூசியானாவை விட்டுக் கிளம்புமுன், கடைசிக் கடையில், கணவன் இரண்டாவது துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பணத்தில் முதல் செலவாக ஒரு இரும்புச் சோள ஆலையை வாங்கி வண்டியில் ஏற்றுங்கள். அவளைக் கேட்டு, அவள் கைக்குச் சுற்ற வருகிற உயரத்தில், நடையின் தூணில் அதைப் பூட்டுங்கள்.